முட்டைகள் பன்னிரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தன

ஓட்டுநர் அண்ணன் மூன்றாவது தடவையாக என்ஜினை அணைத்தபோது மணி இரண்டே கால். சரக்கு வண்டியின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத இருட்டில், ஒரு மூன்றடுக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் நூற்றிருபது அரை முட்டைகள். என் கால்கள் மரத்துப்போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. மூடியின் இடுக்கிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்திருந்தது. முதலில் அது என் வியர்வை என்று நினைத்து வெட்கப்பட்டேன். பிறகு குனிந்து மோந்து பார்த்தேன். வியர்வையாகவே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

முன்பக்கக் கம்பி வலையைத் தட்டினேன்.

"அண்ணே, முட்டை கெட்டுப் போச்சுண்ணே."

"அதெப்படி பாப்பா கெடும்?" என்றார் அவர், திரும்பாமலே. "பன்னெண்டு நாப்பத்திரெண்டுக்கே போய்ச் சேர்ந்தாச்சு. பதிவேட்டைப் பாரு."

நாங்கள் போய்ச் சேரவில்லை. வண்டி நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அவர் சொன்னதும் உண்மைதான், பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. இப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்குள் நான் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு தடவை நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

அம்மா சமைப்பது நொறுங்கும் பொருள் பாதுகாப்புக் கழகத்தில். பெட்டிகளின் மேல் ஒரு கண்ணாடிக் கோப்பையும் மேலே பார்த்த அம்புக்குறியும் அச்சிட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த அம்புக்குறி எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இவர்கள்தான். கண்ணாடி, மருந்து, கடிகாரம், எது எங்கே போனாலும் உடையாமல் போக வழி சொல்ல வேண்டும், அதுதான் வேலை. கழகத்துக்கு இரண்டு கட்டடங்கள். பின்னால் இருப்பதில் சமையலறை, முன்னால் இருப்பதில் அரங்கு. நடுவில் ஒரு முற்றம். அம்மா பதினொரு வருடமாகத் தட்டைக் கையில் ஏந்தி அந்த முற்றத்தைக் கடக்கிறாள். எண்பத்திரண்டு எட்டு வைத்தால் அரங்கு. பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர்.

கழகத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவில் ஏழு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பட்டியல் ஒட்டினார்கள். ஆறாவது பெயர் அம்மாவுடையது. விழா மேடையிலேயே ஆணை கொடுப்பார்களாம். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்ததும் என் பள்ளிச் சீருடையைத் துவைத்தாள். அது ஏற்கெனவே துவைத்தது.

விழாவுக்கு என்ன தின்பண்டம் என்று கூட்டம் போட்டார்கள். முட்டையை வேகவைத்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, மஞ்சளை எடுத்துக் கடுகு விழுதும் மிளகும் மயோனைஸும் சேர்த்துப் பிசைந்து, அதே குழியில் சுழித்து நிரப்புவார்களே, அது. பெரிய ஹோட்டல்களில் டெவில் முட்டை என்பார்கள். முதல் சுற்றறிக்கையில் அதை மொழிபெயர்த்து 'பேய் முட்டை' என்று போட்டார்கள். இரண்டாவது சுற்றறிக்கை அந்தப் பெயரை ரத்து செய்து 'மீள்நிரப்பிய முட்டை' என்றது. சமையலறையில் நாங்கள் அடைச்ச முட்டை என்போம்.

எப்படிப் பரிமாறுவது என்பதற்கு மட்டும் நான்கு கூட்டம். கழகத்தின் சின்னம் ஒரு கையும் அதன் மேல் ஒரு கோப்பையும். முட்டைகளை அந்த வடிவத்தில் அடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உடனே கட்டை விரலில் யாருடைய முட்டை, சுண்டு விரலில் யாருடைய முட்டை என்று தகராறு. கடைசியில் இயக்குநரே தீர்த்து வைத்தார். இடத்தை வைத்து மரியாதை பார்க்க வேண்டாம், மஞ்சளின் உயரத்தை வைத்துப் பார்ப்போம் என்றார். இயக்குநருக்கு மூன்று அங்குலம். துணை இயக்குநர்களுக்கு இரண்டு. பிரிவுத் தலைவர்களுக்கு ஒன்றரை. எழுத்தர்களுக்கு விளிம்பு மட்டம். தற்காலிக ஊழியர்களுக்கு வெள்ளை மட்டும், குழி காலியாக. அம்மா அளவுகோல் வைத்துக்கொண்டு மூன்று நாள் பழகினாள். மூன்று அங்குல மஞ்சள் நிற்காது. சாயும். உள்ளே ஒரு பல்குச்சி செருகி நிறுத்தினாள். அதை இயக்குநர் மிகவும் பாராட்டினாராம்.

அடுத்தது, முட்டைகளை அரங்குக்கு எப்படிக் கொண்டுபோவது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் சமையலறைக்குத்தான் போவேன், வீட்டுப்பாடம் அங்கேதான். அதனால் அந்தக் கூட்டத்துக்கு அம்மாவோடு தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். முதல் யோசனை, நீளக் கம்பில் நான்கு சங்கிலி கட்டி, தட்டைத் தொங்கவிட்டு, இரண்டு பேர் தோளில் சுமப்பது. ஒத்திகையில் பணிமூப்பு உள்ளவர் முன்னால் போவதா பின்னால் போவதா என்று கேள்வி வந்தது. அது இன்னும் மேலிடத்தில் இருக்கிறது. இரண்டாவது யோசனை, மணல் படுக்கை. முட்டைகள் ஆடவே இல்லை. சாப்பிட்டுப் பார்த்தவர் பல்லைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். தினமும் கொண்டுவருகிற மாதிரி தட்டில் வைத்துக் கையில் தூக்கி வந்துவிடுகிறேன் என்றாள்.

ஒருவர் பேனாவை மூடினார். இயக்குநர் அம்மாவைப் பார்த்துப் பொறுமையாகச் சிரித்தார்.

"கையில தூக்கிட்டு வந்தா வந்து சேர்ந்துடும்மா. யாரு இல்லேன்னா. வந்து சேர்றது மட்டும்தான் நோக்கம்னா, இந்தக் கழகம் எதுக்கு? நானூறு பேர் எதுக்கு? நான் எதுக்கு?"

அம்மா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வழியில் என்னிடம், "கடைசிக் கேள்விதான்டி எனக்கும் தெரியல" என்றாள். அந்த நாட்களில் அம்மா சிரித்தது அது ஒரு தடவைதான்.

அடுத்த கூட்டம் சமையலறையிலேயே நடந்தது, அதில் போக்குவரத்துப் பிரிவு மேடத்தின் யோசனை வென்றது. ஐம்பது எட்டுக்கு மேல் போகும் எந்தப் பொருளும் வாகனத்தில்தான் போக வேண்டும் என்று கழகமே ஊருக்கெல்லாம் விதி போட்டிருக்கிறது. எண்பத்திரண்டு எட்டு, ஆகவே வாகனம். முற்றத்தில் வாகனம் போக முடியாது, படிக்கட்டு. ஆகவே பின்வாசல் வழியாக வெளியேறி, பிரதான சாலையில் ஆறு கிலோமீட்டர் சுற்றி, முன்வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். பன்னிரண்டு நிமிடம் என்று மேடம் கணக்குப் போட்டார்.

வண்டி குலுங்குமே என்றார்கள். அதிர்வு தாங்கும் சுருள்வில்களுக்கு இரண்டு வருடம் முன்பே எழுதிப் போட்டாயிற்று, இன்னும் வரவில்லை. மேடம் சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். மனித மடியைப் போல அதிர்வைத் தாங்கும் பொருள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று ஏதோ ஆய்வு இருக்கிறதாம்.

சரக்கு வண்டியின் பின்பக்கம் ஆட்களை ஏற்றக் கூடாது என்பதும் கழகத்தின் விதிதான். பத்தொன்பதாம் விதி. ஏற்றியவருக்கு வேலை போகும், வழக்கும் உண்டு. அதற்குப் பண்டகசாலைக்காரர் வழி கண்டுபிடித்தார். நான் ஊழியர் இல்லை, விருந்தினரும் இல்லை. எந்தப் பட்டியலிலும் என் பெயர் இல்லை. அதனால் 'உபகரணம், இதர' என்ற தலைப்பின் கீழ் என்னைப் பதிந்தார். தாங்கி, உயிருள்ளது, எண் ஒன்று. நிலை: நல்லது. கீழே, வழங்குபவர் என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா பேனாவை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். மேடம் எங்கோ பார்த்தபடி, நிரந்தரப் பட்டியல் இன்னும் இறுதியாகவில்லை என்று பொதுவாகச் சொன்னார். அம்மா கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள்: "பன்னெண்டு நிமிஷம்தான்டி. மடியில வச்சுக்கிட்டு ஆடாம உக்காந்திருக்கணும். சின்னப்புள்ளைல பூனைக்குட்டியை வச்சிருப்பியே, அந்த மாதிரி."

நான்தான் சரி என்றேன். அதை யாரும் மறக்கக் கூடாது. நான்தான் சரி என்றேன்.

இனி பதிவேடு. விழா அன்று இயக்குநர் பத்து மணிக்கு மேல் மேடையில் இருப்பார், கையெழுத்துக்கு அகப்பட மாட்டார். அதனால் அன்றைய பதிவேட்டைக் காலை ஒன்பது மணிக்கே எழுதி முடித்துவிட்டார்கள். புறப்பாடு பன்னிரண்டு முப்பது. வருகை பன்னிரண்டு நாற்பத்திரண்டு. வெப்பநிலை புறப்படும்போது நான்கு டிகிரி, வழியில் நான்கு, சேரும்போது நான்கு. சாய்வு பூஜ்யம். ஓட்டுநர் அண்ணன், மேடம், இயக்குநர் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பொய் எழுதுகிறோம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எப்போதும் அப்படித்தான். நடக்க வேண்டியதை எழுதி வைக்கிறார்கள். அதற்கு அப்புறம் நடப்பது பிசகினால் அது நடப்பதின் குற்றம்.

பன்னிரண்டு முப்பதுக்குச் சரியாகப் புறப்பட்டோம். அதுவரை பதிவேடும் நாங்களும் ஒன்றாகத்தான் இருந்தோம்.

சாலை திரும்பியதும் வண்டி நின்றது. முன்னால் ஊர்வலம். கழகத்தின் ஆண்டு விழா ஊர்வலம்தான், நானூறு பேர். 'தாமதமின்றி, சேதமின்றி' என்று பெரிய துணிப்பதாகை பிடித்துக்கொண்டு சாலை முழுவதையும் அடைத்து மெதுவாக நடந்தார்கள். ஓட்டுநர் அண்ணன் ஹாரன் அடிக்கப் பார்த்தார், முன்னால் போவது தன் பிரிவுத் தலைவர் என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் எங்கள் ஊர்வலத்துக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். அப்புறம் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று போலீஸ் சாலையை மறித்தது. எங்கள் விழாவுக்குத்தான் வருகிறார். இரண்டே காலுக்கு அண்ணன் என்ஜினை அணைத்தது அங்கேதான்.

இரண்டே முக்காலுக்கு முன்வாசலை அடைந்தோம். காவலர் பதிவேட்டின் நகலைப் பார்த்தார். விடமாட்டேன் என்றார். இந்த வண்டி பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கே உள்ளே போய்விட்டது.

"உள்ள இருக்கிற வண்டி மறுபடி எப்படிப்பா உள்ள வரும்?" என்று அவர் அண்ணனிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தார், பாவம்.

உள்ளே இருக்கும் வண்டி முதலில் வெளியேறினால்தான் திரும்ப வர முடியும். வெளியேறும் சீட்டில் பண்டகசாலைக்காரர் கையெழுத்து வேண்டும். அவர் ஊர்வலத்தில் இருந்தார். ஊர்வலம் மூன்றரைக்கு முடிந்தது. அவர் கைகால் கழுவி, மோர் குடித்து, சீட்டு எழுதி, நாங்கள் வெளியே போனதாகவும் திரும்ப வந்ததாகவும் பதிந்து, வண்டி உள்ளே வந்தபோது மணி நாலு பத்து. உச்சி வெயிலில் நின்ற தகரப் பெட்டிக்குள் நான் மூன்று மணி நாற்பது நிமிடம் இருந்திருக்கிறேன். தண்ணீர் கேட்டு இரண்டு தடவை வலையைத் தட்டினேன். அண்ணன் தன் பாட்டிலை நீட்டினார், வலை இடுக்கில் நுழையவில்லை.

கதவு திறந்ததும் பண்டகசாலைக்காரர் முதலில் என்னைத்தான் சோதித்தார். கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். 'திரும்பப் பெறப்பட்டது, சற்று ஈரம்' என்று எழுதிக்கொண்டார்.

அம்மா ஓடி வந்து என்னைப் பார்த்தாள், பிறகு மூடியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள். அவள் மேடத்திடம் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்த வார்த்தைகளால்தான் இத்தனையும்.

"மேடம், இதை யாரும் வாயில வைக்கக் கூடாது. சாப்பிட்டா வயிறு போயிடும். கொட்டிடுங்க. நான் வேணா அரை மணியில வேற ஏதாவது செஞ்சு தர்றேன்."

மேடம் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். "நாலு டிகிரின்னு போட்டிருக்கேம்மா. நாலு டிகிரில இருந்தது எப்படிக் கெடும்?"

அம்மா மோந்து பாருங்கள் என்றாள். மூக்கு அளவீட்டுக் கருவிகளின் பட்டியலில் இல்லை என்று மேடம் சொன்னார். அம்மா பெட்டியைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு காவலர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மேடையில் இயக்குநர் தன் முட்டையை உயர்த்திக் காட்டினார். பல்குச்சி இருந்ததால் மஞ்சள் நிமிர்ந்தே நின்றது. ஒரு முட்டை ஆறு கிலோமீட்டர் பயணம் செய்து துளியும் சாயாமல் வந்திருக்கிறது, இதுதான் இருபத்தைந்து வருட உழைப்பு என்று பேசினார். முகத்தருகே கொண்டுபோனபோது ஒரு நொடி நிறுத்தினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டார். அவர் சாப்பிட்டதால் துணை இயக்குநர்கள் சாப்பிட்டார்கள். அவர்கள் சாப்பிட்டதால் பிரிவுத் தலைவர்கள். யாருடைய முகமும் நன்றாக இல்லை. கைதட்டல் நன்றாக இருந்தது.

நோயும் பதவி வரிசையில்தான் வந்தது. இயக்குநர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில். துணை இயக்குநர்கள் இரண்டு நாள். பிரிவுத் தலைவர்கள் ஒரு நாள். எழுத்தர்களுக்கு ஒரு ராத்திரி. வெறும் வெள்ளையைக் கையில் வைத்திருந்த தற்காலிக ஊழியர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா கொட்டச் சொன்னது காதில் விழுந்ததால் அவர்கள் அதையும் நாசூக்காகக் கீழே போட்டுவிட்டார்கள். அந்த மேடையில் நிரந்தர ஆணை யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டியவர் கழிப்பறையில் இருந்தார்.

விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி மேடம்தான். சம்பவத்தை நன்கு அறிந்தவர்தான் விசாரிக்க வேண்டும் என்று விதியாம். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் வைத்து உறிஞ்சிக்கொண்டே விசாரித்தார். அம்மாவை நிற்க வைத்தார்கள். நான் கதவுக்கு வெளியே இருந்தேன், கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"முட்டை பன்னெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. மூணு கையெழுத்து இருக்கு. நாலு டிகிரில இருந்துது. யாருக்கும் தெரியல, எந்தக் கருவிக்கும் தெரியல. உங்களுக்கு மட்டும் வயிறு போகும்னு முன்னாடியே எப்படிம்மா தெரிஞ்சுது?"

அம்மா, வண்டி நாலு மணிக்குத்தான் வந்தது என்றாள். அதற்குச் சாட்சி யார் என்றார் மேடம். உங்களுடைய ஆட்கள் ஒருவருக்குக்கூட நோவு வரவில்லையே, அதையும் விளக்குங்கள் என்றார். தற்காலிகத்தில் இருக்கிறவர்கள் மனக்குறையில் என்னவெல்லாமோ செய்வார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் வருத்தமாகச் சொன்னார். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை நீக்கம், போலீஸில் புகார்.

ஓட்டுநர் அண்ணன் பன்னிரண்டு நிமிடம் என்றே சொல்லிவிட்டார். வெளியே வந்தவர் என்னைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்தார்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன் பாப்பா. இப்ப மாத்திச் சொன்னா, அன்னிக்குப் போட்டது பொய்னு ஆயிடும். எனக்கும் ரெண்டு புள்ளைங்க."

அவரை நான் வெறுக்க முயன்றேன். வலை இடுக்கில் பாட்டிலை நுழைக்கப் பார்த்தது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

காவலர் நகலைத்தான் நம்புகிறார். பண்டகசாலைக்காரர் வண்டி திரும்ப உள்ளே வந்ததைப் பதிந்த சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார், கிடைக்காது. மிச்சம் நான்தான். இன்று மாலை நானே மேடத்தின் அறைக்குப் போய், நான் வண்டிக்குள் இருந்தேன், எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். மேடம் கோபப்படவே இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ இருந்தேன்னு சொன்னா, நீ ஆளு. சரக்கு வண்டில ஆளை ஏத்தினது பத்தொம்பதாம் விதிப்படி குத்தம். அதுவும் பதினெட்டு வயசு ஆகாத புள்ள. வழங்கினவங்க யாருன்னு பாரு, கீழ யாரு கையெழுத்து இருக்கு. நீ இல்லேன்னு சொன்னா, அப்ப முட்டை பன்னெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நான் எதையும் சொல்லித் தரக் கூடாதும்மா. நல்லா யோசிச்சு நீயே எழுது."

இவ்வளவையும் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். படிவத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. உனக்கு எது சரின்னு படுதோ அதை எழுது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை. தூங்கும்போது அம்மாவின் மூச்சு இப்படி இருக்காது. திட்டினால்கூட நன்றாக இருக்கும். நான் எதை எழுதினாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் அப்படிப் படுத்திருக்கிறாள்.

படிவம் ஒரே பக்கம். மேலே அம்மாவின் பெயர், பதவி, தற்காலிகம் என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். கீழே ஒரே ஒரு கேள்வி. சம்பவத்தின்போது நீங்கள் வாகனத்தில் இருந்தீர்களா? பக்கத்தில் ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். விளக்கம் எழுத இடம் விடவில்லை.

இரண்டில் எதில் குறி போட்டால் அம்மா என்னோடு இருப்பாள்?